எவர் கண்ணுக்கு எது: அம்மருட் தமிழ் இளையோரும் சமூக ஊடகமும்

2024 அக்டோபரில் நோர்வேப் பிரதமர் யூனாஸ் கார் ஸ்தூர, சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதற்கான வயதெல்லையை 13 இலிருந்து 15 ஆக உயர்த்தப் போவதாக அறிவித்தார். நாட்டின் ஊடக ஆணையம் திரட்டிய எண்கள் அந்த முடிவுக்குத் துணையாக எடுத்துக் காட்டப்பட்டன. 13 வயது என்ற எல்லை இருந்தும், ஒன்பது வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோரும், பத்து வயதினரில் 58 விழுக்காட்டினரும், பதினொரு வயதினரில் 72 விழுக்காட்டினரும் ஏதோவொரு சமூக ஊடகத்தில் இருந்தார்கள். 2025 கோடையில் சட்டவரைவு பொதுக் கருத்துக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 10 இல் அவுஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கான தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பிள்ளைக்கு எத்தனை வயது, எத்தனை மணிநேரம் பார்க்கிறது என்ற இரண்டு அளவுகளைச் சுற்றியே இந்த விவாதம் முழுவதும் நடக்கிறது. இரண்டும் முக்கியமானவைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் அங்கே நாள்தோறும் செய்யும் வேலையின் பெரும்பகுதி இந்த இரண்டு அளவுகளுக்குள்ளும் அகப்படுவதில்லை. எது அம்மாவின் கண்ணில் படலாம், எது வகுப்புத் தோழிகளுக்கு மட்டும் உரியது, எது கனடாவில் இருக்கும் மச்சாளுக்குப் போகக் கூடாது என்று பார்ப்பவர்களைப் பிரித்து வைப்பதுதான் அந்த வேலை. ஒஸ்லோவின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களை விட இரண்டு மடங்கு பாரமாக இருக்கிறது என்பதும், அந்தப் பாரத்தில் கணிசமான பங்கை ஏற்றி வைத்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள் என்பதும் என் வாதம்.

அம்மருட், ஒஸ்லோவின் வடகிழக்கே குரூருட் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1966 இல் சுரங்க ரயில் இங்கே வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கட்டடக்கலைஞர் ஹோக்கோன் மியெல்வாவின் திட்டப்படி உயர்ந்த அடுக்குமாடிகளும் தாழ்ந்த முற்றவீடுகளும் எழுந்தன. முதல் குடியேறிகள் வந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1960களின் முடிவில், ஆன்ன சேத்தர்டால், தூர்பியோர்ன் ஹான்சன் என்ற இருவர் இந்தக் குடியிருப்பைப் பற்றி எழுதிய ஆய்வு நோர்வேயின் நகரத் திட்டமிடலை உலுக்கியது. வீடுகளைக் கணக்குப் பார்த்துக் கட்டியவர்கள், அவற்றில் வாழப்போகிறவர்களின் அன்றாடத்தை எண்ணிப் பார்க்கவில்லை என்பது அந்த விமர்சனத்தின் சாரம். பிள்ளைகள் பெரியவர்களின் கண் படாமல் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற தேவையை நினைக்கும்போது அந்த விமர்சனம் எனக்கு இன்றும் பழையதாகத் தோன்றவில்லை. அடுக்குமாடியின் யன்னல்களிலிருந்து கீழே உள்ள புல்வெளி முழுவதும் தெரியும். காடும் ஸ்தைன்புரு ஏரியும் அருகில்தான் இருக்கின்றன. ஆனால் நவம்பர் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், ஆண்டின் பாதிக்கு அவை பதின்மவயதினர் கூடும் இடமாக இருக்க முடியாது.

இதே அம்மருட்டில்தான் சிவசுப்ரமணியர் ஆலயம் இருக்கிறது. இங்கிருந்து ஐந்தாம் இலக்கச் சுரங்க ரயிலில் மூன்று நிறுத்தம் போனால் ரொம்மன். அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தின் வார இறுதி வகுப்புகளால் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான இடம் அது. 1956 இல் குருநகரிலிருந்து நோர்வேக்கு வந்த அன்ரனி இராஜேந்திரத்தோடு தொடங்கிய இந்தச் சமூகம், 1980களில் நாட்டார் உயர்பள்ளிகளில் படிக்க வந்தவர்களாலும் போரினால் இடம்பெயர்ந்தவர்களாலும் பெருகி, வடக்கின் மீன் தொழிற்சாலைகளைக் கடந்து ஒஸ்லோவில் நிலைகொண்டது. இன்று இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்டோர் நாட்டில் பதினையாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். சமூகம் சிறியது. அதனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கோயிலில், தமிழ்ப் பள்ளியில், பிறந்தநாள் மண்டபத்தில், ரயிலில் என்று ஒரு பிள்ளை எங்கே நின்றாலும், "இது ஆற்ற பிள்ளை?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அருகில் நிற்பார். அந்த அக்கறையில் பாதுகாப்பு உண்டு, அன்பும் உண்டு. பதினாறு வயதில் அதுவே மூச்சு முட்டவும் செய்யும்.

வெவ்வேறு உறவுகளுக்கு வெவ்வேறு முகம் காட்டுவது மனித இயல்பு. ஆசிரியரிடம் பேசுவது போல் நண்பனிடம் பேசுவதில்லை. சமூக ஊடகத்தில் இந்த உறவுகள் எல்லாம் ஒரே மண்டபத்துக்குள் வந்து அமர்ந்துவிடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர்களான அலிஸ் மார்விக்கும் டேனா பொய்டும் 2011 இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தக் கருத்து பரவலானது. 2018 இல் ஒஸ்லோவின் பீட்டர் பை பிரான்ட்செக், மாரிகா லூடர்ஸ் இருவரும் அதற்கு இன்னொரு பரிமாணத்தைச் சேர்த்தார்கள்: அங்கே காலங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பதின்மூன்று வயதில் போட்ட படம் இருபத்திரண்டு வயதில் வேலைக்கு நேர்முகம் போகும் நாளில் மேலே மிதந்து வரும். ஆகவே இளையோர் இன்று பார்ப்பவரை மட்டுமல்ல, நாளை பார்க்கப்போகிறவரையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

பொய்ட் 2014 இல் வெளியிட்ட நூலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். காதல் முறிந்த நாளில் அவள் ஒரு நகைச்சுவைத் திரைப்படப் பாட்டின் வரியைத் தன் பக்கத்தில் போட்டாள். தாய் அதைப் பார்த்து மகள் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று நினைத்தார். படத்தில் அந்தப் பாட்டு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று தெரிந்த தோழிகள் உடனே அவளைத் தொடர்புகொண்டு, என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் வைத்து, சிலருக்கு மட்டும் சொல்லும் கலை இது. பெரியவர்கள் "பிள்ளைகளுக்கு அந்தரங்கம் என்றால் என்னவென்றே தெரியாது" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் நினைவு வரும்.

அம்மருட் பிள்ளைகளின் கைவசம் இருக்கும் உத்திகளைப் பார்த்தால் அந்தரங்கத்தைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது விளங்கும். முகநூலைப் பெற்றோரிடமும் உறவினரிடமும் விட்டுக் கொடுத்தாயிற்று. வைபரும் வட்ஸ்அப்பும் குடும்பத்துக்கு. நோர்வே இளையோரின் அன்றாடப் பேச்சு பெரும்பாலும் ஸ்னப்சற்றில் நடக்கிறது. பார்த்ததும் படம் மறைந்துவிடும் என்பதே அதன் ஈர்ப்பு. இன்ஸ்ரகிராமில் இரண்டு கணக்குகள் வைத்திருப்பது பலருக்கு வழக்கம். ஒன்று வேட்டி, சேலை, கோயில், பட்டமளிப்பு என்று எவரும் பார்க்கக்கூடியது. மற்றையது இருபது முப்பது பேருக்கு மட்டும். ஒரே கணக்குக்குள்ளும் நெருங்கிய நண்பர்களுக்கென்று தனிப் பட்டியல் உண்டு; 2018 இல் வந்த அந்த வசதியின் பச்சை வளையத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் நீக்கப்பட்டார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் பெரிய விடயம். ஸ்னப்சற்றின் வரைபடத்தில் தாம் நிற்கும் இடம் தெரியாமல் மறைத்து வைப்பார்கள். செய்தியைத் திறக்காமல் விரலால் பாதி இழுத்துப் படிப்பார்கள், அனுப்பியவருக்குப் படித்தது பெரும்பாலும் தெரியாது. பரீட்சை நெருங்கும்போது செயலியை அழித்துவிட்டுப் பிறகு மீண்டும் இறக்குவார்கள். இவை யாரும் சொல்லிக் கொடுத்தவை அல்ல. ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகியவை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு கருவியும் உண்டு, மொழி. நோர்வேஜிய மொழியில் எழுதினால் ரொறொன்ரோ மச்சாளுக்கும் பாரிஸ் சித்தப்பாவுக்கும் யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்கும் அது எட்டாது. வகுப்பில் இருக்கும் சோமாலிய, பாகிஸ்தானிய, நோர்வேஜிய நண்பர்களுக்கு எட்டும். ஆங்கிலத்தில் எழுதினால் உலகெங்கும் உள்ள மச்சான் மச்சாள்மார் கூடிவிடுவார்கள். தமிழில் எழுதினால் பெரியவர்கள் மகிழ்வார்கள், பத்து அத்தைமார் இதயம் போடுவார்கள். எந்த மொழியில் ஒரு வரி போடுவது என்ற முடிவு, எந்தக் கதவைத் திறந்து எதைச் சாத்துவது என்ற முடிவும்தான். தானியங்கி மொழிபெயர்ப்பு வந்து அந்தக் கதவுகளில் சிலவற்றை இப்போது பிடுங்கிக்கொண்டிருக்கிறது.

பெரியவர்களின் கண் படாத இடம் வேண்டும் என்ற தேவையை நோர்வேயில் முதலில் சரியாக விளங்கிக்கொண்டவர்கள் தொலைக்காட்சிக்காரர்கள் என்பது ஆச்சரியம். பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. 2015 முதல் 2017 வரை வெளியிட்ட "ஸ்காம்" தொடர், ஒஸ்லோவின் ஹார்ட்விக் நிஸ்ஸன் பள்ளி மாணவர்களைப் பற்றியது. கதையில் வெள்ளிக்கிழமை இரவு நடப்பது உண்மையான வெள்ளிக்கிழமை இரவில் இணையத்தில் வெளியானது. பாத்திரங்களுக்கு இன்ஸ்ரகிராம் கணக்குகள் இருந்தன, அவர்களுக்கிடையே ஓடிய குறுஞ்செய்திகளும் வெளியாகின. இயக்குநர் யூலியா ஆன்டெமும் குழுவினரும் எழுதத் தொடங்கும் முன் பதின்மவயதினரிடம் நீண்ட நேர்காணல்கள் செய்திருந்தார்கள். தொடர் தொடங்கியபோது நிறுவனம் அதை வேண்டுமென்றே விளம்பரம் செய்யவில்லை. பெற்றோருக்கு முன் பிள்ளைகள் தாங்களாகவே அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விரும்பினார்கள். மக்கள் பணத்தில் இயங்கும் ஒரு நிறுவனம், பெரியவர்கள் இல்லாத ஓர் இடம் பிள்ளைகளுக்குத் தேவை என்பதை மதித்து நடந்தது.

தமிழ்நாட்டிலும் சமூக ஊடகப் பயன்பாட்டை ஒருவர் நிதானமாக ஆராய்ந்திருக்கிறார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டானியல் மில்லர் தலைமையில் உலகின் ஒன்பது இடங்களில் பதினைந்து மாதங்கள் தங்கிச் செய்யப்பட்ட ஆய்வின் ஒரு பகுதியாக, சென்னையின் தகவல் தொழில்நுட்பச் சாலையை ஒட்டிய கிராமங்களில் ஸ்ரீராம் வெங்கட்ராமன் களப்பணி செய்தார். அந்த இடத்துக்கு அவர் வைத்த புனைபெயர் பஞ்சகிராமி. நூல் 2017 இல் வந்தது. சமூக ஊடகம் பழைய உறவுகளைக் கலைத்துப் புதியவற்றை நட்டுவிடவில்லை; குடும்பம், சாதி, வயது, ஆண் பெண் என்ற கோடுகள் பெரும்பாலும் அதற்குள்ளும் குடிபுகுந்தன என்பது அவர் கண்டது. மணமாகாத இளம்பெண்களின் கைபேசி மீது வீட்டின் கண் இருந்தது. ஒஸ்லோவில் சூழல் வேறு, சட்டம் வேறு, பெண்ணின் சுதந்திரம் பற்றிய பொதுக்கருத்து வேறு. ஆனாலும் அண்ணன் கடற்கரையில் எடுத்த படத்தை எவரும் கவனிப்பதில்லை, தங்கை எடுத்த படம் மாலைக்குள் மூன்று நாடுகளைச் சுற்றி அம்மாவின் வைபருக்கு வந்து சேர்கிறது என்றால், பஞ்சகிராமி அவ்வளவு தூரத்தில் இல்லை. பார்ப்பவர்களைப் பிரிக்கும் உழைப்பைப் பெண் பிள்ளைகள் கூடுதலாகச் செய்கிறார்கள். அவர்கள் அதை நுட்பமாகச் செய்வதால் வீட்டில் எவருக்கும் அது தெரிவதில்லை.

வீட்டின் இந்தக் கண்காணிப்பை நோர்வே அரசு "எதிர்மறைச் சமூகக் கட்டுப்பாடு" என்ற தலைப்பின் கீழ் அணுகுகிறது. சில பள்ளிகளில் அதற்கென்றே சிறுபான்மையினர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வற்புறுத்தலும் மிரட்டலும் உள்ள வீடுகளுக்கு அந்த உதவி அவசியம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பெரும்பாலான தமிழ் வீடுகளில் நடப்பது மிரட்டல் அல்ல. ஒரு மாமி அக்கறையோடு கேட்கும் கேள்வி, ஒரு மாமா அனுப்பும் திரைப்பிடிப்பு, அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் விழும் மௌனம். இதற்கு எந்த அலுவலகமும் மருந்து தர முடியாது.

பெரியவர்கள் தாமே பதிவேற்றுவதைப் பற்றி எங்கள் சமூகத்தில் போதிய பேச்சே இல்லை. பெண் பிள்ளை பூப்பெய்தியதைக் கொண்டாடும் சாமத்தியச் சடங்கை எடுத்துக்கொள்வோம். மண்டபம் பிடித்து, பெண் பிள்ளையை அலங்கரித்து, பல்லக்கில் ஏற்றி, ஆரத்தி எடுத்து, முழுவதையும் ஒளிப்பதிவு செய்கிறோம். பிறகு அதன் சுருக்கம், படப்பிடிப்பாளரின் பக்கத்திலும் குடும்பத்தின் முகநூலிலும் இசையோடு வெளியாகிறது. சடங்கு வேண்டுமா வேண்டாமா என்ற பழைய விவாதத்துக்குள் நான் போகவில்லை. அவளது உடலில் நிகழ்ந்த மாற்றம் என்னவென்று பள்ளித் தோழர்கள் தேடி எடுத்துப் பார்க்கக்கூடிய காணொளி ஒன்று, அந்தப் பிள்ளையின் பெயரோடு, அவளைக் கேளாமல் உலகத்தின் முன் வைக்கப்படுகிறது. அவள் தன் இரண்டாவது கணக்கில் எத்தனை கவனமாக இருபது பேரைத் தெரிந்தெடுத்திருந்தாலும், அந்த ஒரு காணொளி அத்தனையையும் ஒரே நாளில் பயனற்றதாக்கிவிடும்.

நோர்வேச் சட்டம் இந்த இடத்தில் மௌனமாக இல்லை. 2018 இன் படைப்புரிமைச் சட்டத்தின் 104 ஆம் பிரிவின்படி, ஒருவரைக் காட்டும் படத்தை, சில விலக்குகள் தவிர, அவரது ஒப்புதலின்றிப் பகிரங்கப்படுத்தக் கூடாது. பிள்ளைகளுக்கான சட்டமோ, ஏழு வயதிலிருந்து பிள்ளையின் தனிப்பட்ட விடயங்களில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும், பன்னிரண்டு வயதானதும் அந்தக் கருத்துக்குப் பெரும் எடை தர வேண்டும் என்றும் சொல்கிறது. தரவுப் பாதுகாப்பு ஆணையம் பெற்றோருக்கென்றே, பிள்ளைகளின் படங்களைப் பகிர்வது பற்றிக் கையேடு வெளியிட்டிருக்கிறது. சாமத்தியப்படும் பிள்ளை பெரும்பாலும் இந்தப் பன்னிரண்டு வயதை ஒட்டியே நிற்கிறாள். வரவிருக்கும் வயதெல்லைச் சட்டம் அவள் கணக்குத் தொடங்குவதைத் தடுக்கும். அவளைப் பற்றி மற்றவர்களின் கணக்கில் ஏறுவதை அது தொடாது.

நேரத்தைப் பற்றிய கவலை வீண் என்று நான் சொல்லவில்லை. பள்ளிகளில் கைபேசியை விலக்குவது பற்றி சாரா ஆப்ரஹாம்சன் நோர்வேத் தரவுகளைக் கொண்டு செய்து 2024 இல் வெளியான ஆய்வில், மாணவியர் மனநலக் காரணங்களுக்காக மருத்துவ உதவி நாடுவது குறைந்தது, வன்கேலியும் குறைந்தது. அதே ஆண்டு தொடக்கத்தில் கல்வி இயக்குநரகம் வகுப்பறைகளைக் கைபேசியின்றி வைத்திருக்கப் பரிந்துரைத்தது. அது நல்ல முடிவு. ஆயினும் திரை நேரம் என்ற ஒற்றை அளவுகோல் மிகக் குறைவாகவே சொல்லும். ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் 2019 இல் பெரிய தரவுத் தொகுதிகளை அலசியபோது, இளையோர் நலனில் காணப்படும் வேறுபாடுகளில் அதிகம் போனால் 0.4 விழுக்காட்டையே தொழில்நுட்பப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது. சராசரிக்குள் ஒளிந்திருக்கும் பிள்ளைகள் உண்டு என்பதால் இந்த எண்ணை வைத்து நிம்மதி அடையவும் கூடாது. மணிக்கணக்கை விட்டு, அந்த மணிக்குள் என்ன நடந்தது என்று கேட்பதே பயன் தரும்.

நிறுவனங்களின் பொறுப்பும் இதில் உண்டு. நோர்வே நுகர்வோர் மன்றம் 2018 இல் வெளியிட்ட அறிக்கை, பெரிய தளங்கள் தங்கள் அமைப்புத் திரைகளைப் பயனர் குறைந்த அந்தரங்கத்தையே தேர்ந்தெடுக்கும்படி வடிவமைத்திருப்பதைக் காட்டியது. நடத்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டியதற்காக, 2023 ஆகஸ்ட் 14 முதல் மெற்றா நிறுவனத்துக்கு நாளொன்றுக்குப் பத்து இலட்சம் குரோணர் தண்டம் விதித்தது தரவுப் பாதுகாப்பு ஆணையம். விளம்பரங்களில் உடலைத் திருத்திய படங்களுக்கு அடையாளம் இட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையில் வந்தது. பிள்ளை தன்னைப் பார்ப்பவர்களைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்து வைத்தாலும், அவர்கள் எல்லோருக்கும் மேலே நின்று அத்தனையையும் பார்க்கும் ஒரு பார்வையாளர் இருக்கிறார். அவரை எந்த அமைப்பிலும் நீக்க முடியாது. அந்த வேலையை அரசுதான் செய்ய வேண்டும்.

இந்தப் பிள்ளைகள் ஒளிந்து வாழ்பவர்கள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 2009 இன் வசந்தத்தில், வன்னியில் போர் முடிவை நெருங்கிய நாட்களில், ஒஸ்லோவின் தமிழ் இளையோர் பாராளுமன்றத்தின் முன் நாட்கணக்கில் நின்றார்கள். குறுஞ்செய்தியும் அப்போது புதிதாகப் பரவிய முகநூலும் அவர்களைக் கூட்டின. நோர்வேஜிய நண்பர்களுக்கு, ஆசிரியர்களுக்கு, அரசியல்வாதிகளுக்கு, உறவினருக்கு என்று எல்லோருக்கும் ஒரே செய்தியை, ஒரே குரலில், தம் பெயரோடு சொன்னார்கள். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த கம்சாயினி குணரத்தினம், 2011 ஜூலை 22 ஊத்தொயா படுகொலையிலிருந்து உயிர் தப்பியவர், 2015 இல் ஒஸ்லோவின் துணை நகரபிதாவானார், 2021 இல் பாராளுமன்றம் சென்றார். மூடிய கணக்கும் திறந்த மேடையும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே இருக்கலாம். எப்போது எதைத் திறப்பது என்ற உரிமை தன்னிடம் இருக்கும்போதுதான், திறந்த மேடையில் ஏறும் துணிவும் வருகிறது.

ஆகவே அம்மருட்டிலும் ரொம்மனிலும் பெற்றோர் கூட்டங்களில் "எந்த வயதில் கைபேசி கொடுப்பது" என்ற கேள்விக்கு அடுத்ததாக இன்னொன்றையும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மண்டபத்துக்கு முற்பணம் கொடுக்கும் அன்றே, படப்பிடிப்பாளரோடு ஒப்பந்தம் எழுதும்போது, காணொளி எங்கே வெளியாகும், யார் பார்க்கலாம், எத்தனை காலம் இருக்கும் என்பதை எழுத்தில் வைக்கலாம். அந்த வரிகளை நிரப்பும் பேனாவைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம். அவள் "முப்பது பேர் போதும், யூரியூப்பில் வேண்டாம்" என்று எழுதினால், படப்பிடிப்பாளருக்கு அதுவே அறிவுறுத்தல். ரொறொன்ரோவிலிருந்து சித்தி கேட்டால், பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அம்மா பதில் சொல்லலாம்.